இரவல் புர்கா

மூன்றாம் முறையாகச் செல்லம்மாள் சபையார் முன்னால் எழுந்து நின்றபோது, பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையை ஒட்டிய தெருவில் ஓடு வேய்ந்த சின்னக் கிறிஸ்தவக் கோயில். முன் இரண்டு தடவையும் இதே இடத்தில் நின்றுதான் "இனிமே சாராயத்தத் தொட மாட்டேன்" என்று அவள் கை உயர்த்தினாள். முதல் சத்தியம் அறுப்புப் பண்டிகை வரைக்கும் தாங்கியது. இரண்டாவது, அடுத்த சனிக்கிழமையைக்கூடப் பார்க்கவில்லை.

சபையை நடத்தும் உபதேசியார் கெட்டவர் இல்லை. விஷக் காய்ச்சல் பரவிய வருஷம் பிணம் தூக்க ஆள் கிடைக்காதபோது தானே தோள் கொடுத்தவர். ஆனால் குடிக்கு அவரிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்.

"செல்லம்மா, நீ வாயால சொல்றே. மனசுல உறுதி இல்லே. உறுதி இருந்தா ஆண்டவர் பலம் கொடுப்பார். அந்த உறுதியோட வர்ற வரைக்கும் நீ அப்பம் வாங்கத் திருவிருந்துக்கு வர வேண்டாம்."

வேறொருத்தியாக இருந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். செல்லம்மாள் உட்காரவில்லை.

"ஆமாய்யா, இல்ல" என்றாள். "உறுதி இருக்கறவ எதுக்கு இங்க வந்து நிக்கப்போறா? வூட்டுலயே வுட்டுட்டு வேலையப் பாத்துக்கினு இருப்பா. எனக்கு இல்ல. இல்லாதவளுக்கு வழி இன்னான்னு சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. சும்மா உறுதி உறுதின்னா, அத எந்தச் சந்தையில போய் வாங்கினு வருவேன்?"

ஆண்கள் பக்கத்தில் அவள் புருஷன் தானியேல் தலையைக் குனிந்துகொண்டான். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பாட்டுக்குக் காத்திராமல் செல்லம்மாள் வெளியே நடந்தாள். நடந்தவள் நேராகச் சாராயக் கடைக்குத்தான் போனாள். அதை மறைக்க என்ன இருக்கிறது?

அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். தோல்ஷாப்பில் பட்டை இடிக்கிற வேலை. வண்டி வண்டியாக வந்து இறங்கும் காய்ந்த ஆவாரம்பட்டையைப் பெண்கள் உலக்கையால் இடித்துத் தூளாக்கித் தர வேண்டும். ஆண்கள் அதைத் தொட்டித் தண்ணீரில் கொட்டி, பதப்படுத்தத் தோலை ஊறப்போடுவார்கள். தூள் தொண்டையில் போய் அப்பிக்கொள்ளும். துப்பினால் எச்சில் காவியாக வரும். காலில் ஏறிய கறை செங்கல் வைத்துத் தேய்த்தாலும் போகாது. சாயந்திரம் உலக்கையைக் கீழே வைக்கும்போது தொண்டை தண்ணீருக்குக் காயாது. அதற்கு வேறொன்று வேண்டியிருக்கும்.

அந்த வேறொன்று அவளுக்குப் பழகியது மகள் ஏசுவடியாள் பிறந்தபோது. பிள்ளை பெற்றவளுக்கு மிளகுக் காரத்தோடு கொஞ்சம் சாராயமும் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மற்றவர்களுக்கு அது பத்தியத்தோடு முடிந்துபோனது. செல்லம்மாளுக்கு முடியவில்லை. ஏன் தனக்கு மட்டும் முடியவில்லை என்று அவள் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறாள். விடை கிடைத்ததில்லை.

தானியேலும் குடிப்பவன்தான். அவனுக்கு அதே ஷாப்பில், தோலின் மயிரை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. சுண்ணாம்பில் வெந்த காலுக்கு இது இல்லாமல் முடியாது என்பான், தெருவும் ஆமாம் என்று தலையாட்டும். சனிக்கிழமை குடித்துவிட்டுப் பாடிக்கொண்டு வரும் ஆண்களுக்கு வழி விட்டு ஒதுங்குகிற அதே தெரு, செல்லம்மாள் தள்ளாடி வந்தால் கதவைச் சாத்தும். ஒருநாள் அவள் வண்டிப்பேட்டை ஓரம் விழுந்து கிடந்தபோது பிள்ளைகள் கூழாங்கல் எறிந்து விளையாடினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஏசுவடியாள் நின்றுகொண்டிருந்தாள். அந்த வாரமே தானியேல் மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒடுகத்தூரில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தான்.

"புள்ள உன்னப் பாத்து பயப்படுது" என்றான். 

கோயிலில் பேசிவிட்டு வந்த மறுநாள் அவள் சுகரா பேகத்தின் வீட்டுக்கு எரிபொருள் சுமந்துகொண்டு போனாள். சாறு இறங்கிப்போன சக்கைப் பட்டையைக் காயவைத்துக் கூடையில் கட்டி வீடு வீடாகப் போடுவதும் பட்டை இடிக்கிற பெண்களின் வேலை. சுகரா பேகம் விதவை. புருஷன் தோல் தரம் பிரிக்கிறவராக இருந்து காலமானவர். வெளிவாசலில் சாக்குத் திரை தொங்கும், பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீடு. உள்முற்றத்தில் அவளும் நாத்தனாரும் உட்கார்ந்து நாளெல்லாம் மாவைத் திரித்துச் சேமியா உருட்டுவார்கள்.

முற்றத்தில் கூடையை இறக்கும்போது செல்லம்மாளின் கை நடுங்கியது. கூடை சாய்ந்து, வெள்ளைத் துணியில் காயப்போட்டிருந்த சேமியாமேல் சக்கை முழுக்கக் கொட்டிவிட்டது. நாத்தனார் உருதுவில் கத்த ஆரம்பித்தாள். சுகரா பேகம் கத்தவில்லை. செல்லம்மாளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"காலைல குடிக்கலியா?"

"இல்ல பீபியம்மா."

"குடிக்காததுக்கா இந்த நடுக்கம்?"

"ஆமா. குடிச்சா நின்னுடும். நீங்க ஏசுங்க. ஊரே ஏசுது, நீங்களும் ஒரு பாட்டம் ஏசிட்டுப் போங்க. நான் சக்கையக் கூட்டி அள்ளிட்டு வேற மாவு பிசைஞ்சு தர்றேன்."

சுகரா பேகம் ஏசவில்லை. திரை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள். "எங்க அண்ணன் குர்ஷித் காசத்துல மௌத்தாப் போனான்னு ஊருக்குச் சொல்லியிருக்கோம். காசம் இல்ல. இந்தக் குடிதான். குர்ஆன் மேல கை வச்சு சத்தியம் பண்ணான். ஒரு தரம் இல்ல, பல தரம். எல்லாரும் புத்தி சொன்னாங்க. நானும்தான் சொன்னேன். கூட உக்காரத்தான் ஒருத்தரும் இல்ல."



"அப்போ என் கூட உக்காருவீங்களா?" என்று கேட்டாள் செல்லம்மாள். கெஞ்சலாகக் கேட்கவில்லை. சண்டைக்கு இழுப்பது போலத்தான் கேட்டாள். முடியாது என்று சொன்னால் அப்படியே திரும்பிப் போவதற்குக் கால் தயாராக இருந்தது.

"உக்காருவேன்" என்றாள் சுகரா பேகம். "இந்தத் திரையைத் தாண்டிக் கோதண்டபாணி வர முடியாது. உன் தோஸ்துங்களும் வர முடியாது. நீதான் ஓடணும். ஓடினா புடிக்கறதுக்கு நாங்க ரெண்டு பேரு கீறோம்."

கோதண்டபாணிதான் சாராயக் கடைக்காரன்.

அப்படித்தான் செல்லம்மாள் அந்த முற்றத்தில் தங்கினாள். விருந்துக்குப் போனவளைப் போல இல்லை. முதல் நாள் வியர்த்துக் கொட்டியது. மறுநாள் சுவரில் பூரான்கள் ஊர்வதாகச் சொல்லித் துடைப்பத்தால் அடித்தாள். சுகரா பேகத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். திரையைப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தவளை நாத்தனார் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துப் போட்டாள். பட்டை இடிக்கும் கூட்டத்தில் அவளுக்கு நெருக்கமான தேவகி பார்க்க வந்தபோது செல்லம்மாளுக்குக் கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. தேவகி அப்படியே ஓடிப்போய் மிஷன் மருந்தகத்து டாக்டரம்மாவை ஜட்கா வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா வயதில் சின்னவள். வேலூரில் படித்துவிட்டு அந்த வருஷம்தான் வந்திருந்தாள். கண்ணை விரித்துப் பார்த்தாள், நாடி பிடித்தாள், கசப்பான ஒரு மருந்தைக் கலக்கிக் கொடுத்தாள். தூங்கி எழுந்த செல்லம்மாளிடம் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னாள்:

"இத்தனை வருஷம் குடிச்ச உடம்பு இது. திடீர்னு நிறுத்தினா நரம்பெல்லாம் கிளம்பிடும். வலிப்பு வந்து செத்துப்போனவங்க உண்டு. உங்களைத் தனியா விடாம வெச்சிருந்தாங்களே, அதனாலதான் பொழைச்சீங்க."

"எனக்கு மனசுல உறுதி இல்லன்னு சொன்னாங்க."

"மலேரியாக் காய்ச்சல்ல நடுங்கறவங்ககிட்ட நடுங்காதேன்னு சொன்னா நிக்குமா? உறுதி வேணும்தான். அது மட்டும் இருந்தா போதாது. மருந்து வேணும், சாப்பாடு வேணும், பக்கத்துல ஆள் வேணும்."

 செல்லம்மாள் அழுவாள் என்று தேவகி எதிர்பார்த்தாள். அவளுக்கோ கோபம்தான் வந்தது. "இத எனக்கு முன்னாடியே ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இத்தனை வருஷமாகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொண்டது வீண் என்று தெரிந்த கோபம்.

நடுக்கம் நின்றது. கஞ்சி உள்ளே தங்கியது. வேலைக்கும் திரும்பினாள். ஆனால் உடம்பு கேட்பது நின்றாலும் கால் கேட்பது நிற்கவில்லை. தோல்ஷாப்பிலிருந்து அவள் தெருவுக்கு வர ஒரே பாதைதான். இந்தப் பக்கம் ரயில் மேடு, அந்தப் பக்கம் ஆறு. நடுவில் வண்டிப்பேட்டை, அதன் முனையில் கோதண்டபாணியின் கடை. கடையைத் தாண்டினால் சுகரா பேகத்தின் தெரு, அதையும் தாண்டினால் அவள் வீடு. தினமும் சாயந்திரம் அந்தக் கடை வாசல் வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். கோதண்டபாணி பெயர் சொல்லிக் கூப்பிடுவான். உள்ளே இருக்கும் பழைய கூட்டாளிகள் கை தட்டுவார்கள்.

தேவகிதான் அவள் கையைக் கோத்துக்கொண்டு கூட நடந்தாள். இரண்டு பெண்களும் உரக்க ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டே கடையைத் தாண்டுவார்கள். தேவகிக்குப் பாட்டு வராது. கட்டைக் குரலில் கத்துவாள். அது போதுமானதாக இருந்தது. பிறகு தேவகி காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள். அவள் வராத முதல் சாயந்திரமே செல்லம்மாள் விழுந்தாள். எப்படிக் கடைக்குள் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. குவளை கையில் இருந்தது மட்டும்தான் நினைவு.

மறுநாள் காலை சுகரா பேகத்தின் திரையை விலக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"குடிச்சிட்டேன்."

"தெரியுது."

"தலையக் குனிஞ்சுக்கினு மூலையில உக்கார வரல. தேவகி இல்லன்னா நான் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. வேற இன்னா பண்ணலாம்னு கேக்க வந்தேன்."

சுகரா பேகம் மாவுக் கையோடு யோசித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சுவர் ஆணியிலிருந்து தன் புர்காவை எடுத்துவந்து அவள் மடியில் போட்டாள். தலையிலிருந்து கால்வரை மூடுகிற வெள்ளைத் துணி. கண்ணுக்கு மட்டும் வலை வைத்துத் தைத்தது.

"சாயங்காலம் இதப் போட்டுக்கினு வா. யாரு உன்னப் பேரு சொல்லிக் கூப்புடுவா? கோதண்டபாணி கோஷா பொம்பளைக்கு ஊத்துவானா? ஊத்தினா இந்த ஊர்ல அவன் கடை இருக்குமா?"

செல்லம்மாள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு?"

"நான் எங்க போறேன்? வெள்ளிக்கிழமை என் புருஷன அடக்கின கபர்ஸ்தான் பக்கம் போறதுதான். அன்னிக்கு மட்டும் குடுத்துடு."

"உங்க ஜனங்க பாத்தா பேஜாராவும்."

"என் ஜனங்க என் புருஷன் போனப்போ வந்து அழுதாங்க. நல்லாத்தான் அழுதாங்க. அப்புறம் சேமியா நான்தான உருட்டறேன்?"

அன்றுமுதல் சாயந்திரம் பட்டைக் கொட்டகைக்குப் பின்னால் செல்லம்மாள் அந்தத் துணிக்குள் நுழைவாள். வண்டிப்பேட்டையில் வண்டிக்காரர்கள் மாட்டை ஒதுக்கி வழி விடுவார்கள். கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கூழாங்கல் எறிந்த அதே பிள்ளைகள் ஓரமாக நிற்பார்கள். வலைக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்து அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. ஆள் அதே ஆள்தானே! ஆத்திரம் வந்தாலும் துணியை அவள் கழற்றவில்லை. அதற்குள் இருக்கும்வரை, கேட்டாலும் கிடைக்காது. அது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஒருநாள் தானியேலின் அக்கா சந்தைக்கு வந்தவள் ஏசுவடியாளையும் கூட்டி வந்திருந்தாள். தோல்ஷாப் வாசலில் மகளைப் பார்த்த செல்லம்மாள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஏசுவடியாள் அத்தையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முகத்தைக் காட்டவே இல்லை.

"அது பழகட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் புர்காவுக்குள் நடந்து வந்தவள் கடை முனையில் நின்றாள். பிறகு கடையை நோக்கித் திரும்பினாள். எத்தனையோ தடவை உள்ளுக்குள்ளே போட்ட பூட்டெல்லாம் ஒரேயடியாகத் தெறித்துவிட்டன. வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.  கோதண்டபாணி கையில் இருந்த குவளையைப் பலகைக்கு அடியில் மறைத்துவிட்டு எழுந்தான்.

"அம்மா, யாரத் தேடறீங்க? உங்க வூட்டு ஆளு யாராச்சும் இங்க வந்துட்டாங்களா? வெளிய நில்லுங்க, அனுப்பறேன்."

சாராய வாசனை வலை வழியாக வந்து அவள் முகத்தில் அடித்தது. ஊத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கில் வந்து நின்றது. ஆனால் அதைச் சொன்னால் அது சுகரா பேகத்தின் துணிக்குள்ளிருந்து வரும். வாய் திறக்கவில்லை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. அப்படியே நின்றாள்.

கோதண்டபாணியின் பார்வை கீழே இறங்கியது. துணிக்கு அடியில் தெரிந்த காலைப் பார்த்தான். காவிக் கறை.

"இது பட்டை இடிக்கிற காலாச்சே!" என்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அட, நம்ம செல்லம்மா! இன்னா வேஷம்டா சாமி! இந்த வேஷத்துக்கே இன்னிக்கு சும்மா ஊத்தறேன். உள்ள வா."

சிரிப்பு பொங்கி வண்டிப்பேட்டை வரைக்கும் போனது. அங்கே தோல் மண்டி நடத்துகிற சர்தார் பாஷா வண்டியில் ஏறப்போனவர் அப்படியே நின்றார். சாராயக் கடைக்குள் புர்கா என்று யாரோ சொல்ல, அவர் முன்னால் வர, பின்னால் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள்.

"யாரும்மா நீ? எங்க கோஷாவ வெளையாட்டாப் போச்சா உனக்கு? மூஞ்சியக் காட்டு!"

செல்லம்மாள் முகத்துத் துணியைத் தூக்கிவிட்டாள். ஒரு பக்கம் குடிகாரர்கள், ஒரு பக்கம் கோபத்தில் சிவந்த மனிதர்கள். கோயிலில் நின்றபோது இருந்த அதே கொதிப்பு அவளுக்குள் ஏறியது.

"நான் செல்லம்மா. பட்டை இடிக்கிறவ. குடிக்கத்தான் வந்தேன், பொய் சொல்லல. கால் இழுத்துக்கினு வந்துடுச்சு. வாயத் தொறந்து கேக்க இந்தத் துணி வுடல. இவன் கேக்காமலே ஊத்தறேன்றான். கோவப்படணும்னா எங்க ரெண்டு பேருல யாரு மேல படறதுன்னு நீங்களே பாத்துக்கங்க. எனக்கு மன உறுதி கெடையாது சாஹேப். ஊருக்கே தெரியும். இல்லாதவ எதப் புடிச்சுக்கினாவது நிக்கணும் இல்ல? நான் இதப் புடிச்சேன்."

"யாரு குடுத்தது உனக்கு?"

 செல்லம்மாள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் கூட்டம் பின்பக்கமாக விலகியது. படுக்கை விரிப்பைத் தலையிலிருந்து கால்வரை சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். விரிப்பில் பெரிய பெரிய நீலப் பூக்கள். அதை ஒரு கையால் மோவாய்க்குக் கீழே இறுக்கிப் பிடித்திருந்தாள். மறு கையில் மாவு ஒட்டியிருந்தது. கூச்சல் சுவர் தாண்டி அவள் முற்றத்துக்குள்ளே கேட்டிருக்கிறது.

"நான் குடுத்தேன், பாஷா சாஹேப்" என்றாள் சுகரா பேகம். "என் துணி. என் இஷ்டம். அவ வாய மோந்து பாருங்க. ஒரு சொட்டு குடிச்சிருந்தா ரெண்டு பேரையும் ஊர வுட்டு அனுப்புங்க."

பிறகு சர்தார் பாஷாவுக்கு நேரே வந்து நின்றாள்.

"எங்க அண்ணன் குர்ஷித் ஜனாஸாவுக்கு நீங்கதான முன்னாடி தோள் குடுத்தீங்க? காசம்னு உங்ககிட்ட சொன்னோம். பொய். இந்தக் கடையில குடிச்சுத்தான் செத்தான். உங்களுக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும். அவனுக்குப் போட ஒரு துணி இல்லாமப் போச்சு. இவளுக்கு இருக்கு. அதுல இன்னா தப்பு?"

 சர்தார் பாஷா தாடியைத் தடவிக்கொண்டு கோதண்டபாணியைப் பார்த்தார். "கேக்காமலே சும்மா ஊத்தறேன்னியாமே?" என்றார். கோதண்டபாணி பலகைக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான். சுகரா பேகம் செல்லம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நீலப் பூ விரிப்பும் வெள்ளைப் புர்காவுமாக இருவரும் தெருவின் நடுவில் போனார்கள். யாருக்காகவும் ஒதுங்கவில்லை.

அதோடு எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் அது கதையாகிவிடும். ஜமாத்தில் சுகரா பேகத்தைப் பற்றிப் பல வாரம் பேச்சு நடந்தது. இரண்டு வீட்டார் அவளிடம் சேமியா வாங்குவதை நிறுத்தினார்கள். உபதேசியார் வீட்டுக்கே வந்து, கிறிஸ்தவப் பெண் புர்கா போட்டு நடக்கலாமா என்று கேட்டார். "நான் வழி கேட்டேன், உங்களுக்குத் தெரியல. அவங்களுக்குத் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுச் செல்லம்மாள் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த பண்டிகைக்கு அவளைத் திருவிருந்துக்கு அழைத்தார். அவள் உடனே போகவில்லை. அடுத்த வருஷம் தன் இஷ்டத்துக்குப் போனாள்.

தானியேல் சனிக்கிழமைக் குடியைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் குடித்த அன்று வீட்டுக்குள் வரமாட்டான். தொட்டி ஓரக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வான். அவனால் முடிந்தது அவ்வளவு. ஒடுகத்தூருக்குப் போய் மகளைக் கூட்டி வந்தவனும் அவன்தான். ஏசுவடியாள் வந்த புதிதில் தினமும் சாயந்திரம் வாசலில் நின்று, "ஊதிக் காட்டு" என்பாள். செல்லம்மாள் குனிந்து மகள் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டுவாள். அக்கம்பக்கத்தார், பெற்ற தாயைப் பிள்ளை இப்படிச் சோதிப்பதா என்று முகம் சுளித்தார்கள். "சோதிக்கட்டும். நம்பறதுக்கு அதுக்கு ஒண்ணு வேணாமா?" என்பாள் செல்லம்மாள். ஒருநாள் ஏசுவடியாள் கேட்க மறந்துவிட்டாள். பிறகு கேட்கவே இல்லை.

இடையில் ஒரு தடவை, தேவகி தலைப்பிரசவத்தில் செத்துப்போனபோது, செல்லம்மாள் மறுபடி விழுந்தாள். எழுப்ப ஆள் இருந்தார்கள், எழுந்தாள். வருஷங்கள் போகப் போக வேறு பெண்களும் அந்தச் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பேரணாம்பட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். வாணியம்பாடியிலிருந்து நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்து பெயர் சொல்லாமலே இருந்துவிட்டுப் போனாள். டாக்டரம்மா வந்து மருந்து கொடுப்பாள். சிலர் பிழைத்தார்கள். சிலர் மறுபடி கடைக்கே போனார்கள். போனவர்களைத் திட்டக் கூடாது என்பது அந்த முற்றத்துச் சட்டம். திட்டுவதை வெளியே ஊர் பார்த்துக்கொள்ளும் என்பாள் சுகரா பேகம்.

முப்பதுகளின் கடைசியில் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கடைகள் மூடப்பட்டன. வண்டிப்பேட்டையில் தோரணம் கட்டி, மேளம் வைத்துக் கூட்டம் போட்டார்கள். பேச வந்த தலைவர்கள், குடியை ஜெயித்த வீரப் பெண்மணி என்று செல்லம்மாளையும் மேடையில் ஏற்றினார்கள். மன உறுதியின் மகிமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள்.

"கடைய மூடினது சந்தோஷம்" என்றாள் அவள். "ஆனா நான் கடை தெறந்திருந்தப்பவே தாண்டினவ. தனியாத் தாண்டல. ஒருத்தி கையப் புடிச்சேன், ஒருத்தி துணியக் கட்டிக்கினேன், ஒருத்தி மருந்தக் குடிச்சேன். வீரமும் இல்ல ஒண்ணும் இல்ல. நாளைக்கே மலை அடிவாரத்துல எவனாவது காய்ச்ச ஆரம்பிப்பான். இங்க கை தட்டறவங்கள்லயே சில பேருக்கு நாளன்னிக்குக் கை நடுங்கும். நடுங்கினா உறுதி உறுதின்னு வூட்டுல உக்காந்து சாவாதீங்க. வந்து கேளுங்க."

தலைவர்களுக்கு அந்தப் பேச்சு ரசிக்கவில்லை. சட்டென்று மேளத்தை அடிக்கச் சொன்னார்கள்.

ஆனால் மறுவாரமே ஒருவன் வந்தான். வேலாயுதம் என்று பெயர். தோல்ஷாப்பில் மூட்டை தூக்குகிறவன், ஆள் மலை மாதிரி இருப்பான். சாக்குத் திரைக்கு வெளியே உடம்பெல்லாம் ஆட நின்றுகொண்டு, உள்ளே வரக் கூடாதே என்று தயங்கினான். இதுவரை அந்த முற்றத்துக்குப் பெண்கள்தான் வந்திருக்கிறார்கள். செல்லம்மாள் திரையை விலக்கி அவனைப் பார்த்தாள். அவன் கையையும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "பீபியம்மா, ஆம்பள ஒருத்தன் வந்துக்கீறான். இன்னா பண்றது?" என்றாள்.

சுகரா பேகத்துக்கு அப்போது கண் பார்வை மங்கியிருந்தது, குரல் மங்கவில்லை.

"இன்னா பண்றதுன்னு கேக்கற? பின்னால ஆட்டுக் கொட்டாய் சும்மாத்தான கீது. அதுல ரெண்டு பாய் போடச் சொல்லு. உன் புருஷனக் கூப்புடு, அவன் கூட உக்காரட்டும்."

"அவரா? அவரே சனிக்கிழமை ஆனா..."

"சனிக்கிழமைக்கு இன்னும் நாள் கீது. அதுக்குள்ள ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கட்டும். போ, மொதல்ல வந்தவனுக்குக் கஞ்சி ஊத்து."

செல்லம்மாள் வெளியே வந்து வேலாயுதத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவனைச் சந்து வழியாகக் கொட்டகைக்கு நடத்திக்கொண்டு போனாள்.